மச்சான் போட்ட முடிச்சு

தரங்கம்பாடி அஞ்சப்பன் இருபத்தெட்டு வருஷமாகக் கடலுக்குப் போகிறவன். காற்றுக்கும் மழைக்கும் கலங்காதவனுக்கு, மனைவி அம்சவேணியின் அண்ணன் மதியழகன் படகிலிருந்து சுறா இறங்கினால் மட்டும் வயிறு பற்றி எரியும்.

இவன் தூண்டிலில் சுறா கடித்தால் முடிச்சு அறுந்து முள்ளோடு போய்விடும். மச்சான் முடிச்சு மட்டும் அசையாது. போதாக்குறைக்கு, அந்தச் சுறாவில் ஒரு துண்டு இவன் வீட்டுக்கே வந்து புட்டாகும்.

"ஏதோ தனி முடிச்சு வெச்சிருக்கான். தங்கச்சி புருஷனுக்குக்கூடச் சொல்ல மாட்டேங்கிறான்" என்று கறுவிக்கொண்டே இருந்தான்.

அன்று மத்தியானம் மதியழகன் படகைக் கரையேற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். அஞ்சப்பன் அவன் தூண்டிலில் ஒரு முடிச்சை முள்ளோடு அறுத்து மடியில் செருகிக்கொண்டு, அது தொடையில் குத்தக் குத்த வீடு வந்து சேர்ந்தான். ஊசியால் நெம்பிச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். ஐந்து சுற்று, ஒரு நுழைப்பு. இவன் போடும் அதே முடிச்சு!

அம்சவேணி எட்டிப் பார்த்தாள். அண்ணன் தூண்டிலின் பச்சை நைலான் நரம்பு அவளுக்குத் தெரியாதா?

"இத எதுக்கு அறுத்துட்டு வந்தீங்க? கரைக்கு வந்தா அண்ணனே அறுத்துப் போட்டுடும். சுறாத் தோலு உரசி நரம்பு நைஞ்சிருக்கும்னு தெனம் புதுசாத்தான் முடிச்சுப் போடும். நீங்க பொங்கலுக்குப் போட்ட முடிச்சோட ஆடியிலயும் கடலுக்குப் போறீங்க."

அவள் தட்டை வைத்தாள். சுறாப்புட்டு.

ஒரு வாய் போட்டான். உப்பும் உறைப்பும் சரியாக இருந்தன. அதற்கும் எரிந்தது.