நான் ஏறாமல் கிளம்பாத ரயில்

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ரயில் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். காலை ஏழு ஐம்பது வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது நீளமாக ஒரு ஹாரன் கொடுக்கும். அந்த ஹாரனை நம்பித்தான் நான் இரண்டு வருடம் என் மகளை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவளுக்கு நான்கு வயது. சின்னவனுக்கு ஒரு வயது முடிந்து, நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். கிண்டியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேரானால் ஜனங்கள் போன் செய்து திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு, புகாருக்கு ஒரு நம்பர் கொடுத்து, மெக்கானிக்கை அனுப்பி வைப்பவள் நான். முன்பின் தெரியாதவர்களிடம் எட்டு மணி நேரம் பொறுமையாகப் பேசிவிட்டு, சொந்தப் பிள்ளைகளிடம் எட்டு நிமிடத்தில் கத்துகிறவள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சின்னவனால் எந்தத் தொல்லையும் இல்லை. கையில் ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்துவிட்டால் நான் டில்லிக்கே போனாலும் கவலைப்பட மாட்டான். பெரியவள் அப்படி இல்லை. ஏழு முப்பத்தைந்துக்கு நான் பையை மாட்டியதும் ஓடிவந்து துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வாள். பிடியை விடுவித்தால் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வாள். சாக்லேட் ஒரு வாரம் வேலை செய்தது. போனில் கார்ட்டூன் மூன்று நாள் வேலை செய்தது. அதன் பிறகு ஒன்றும் எடுபடவில்லை. ஒரு நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி கையை ஓங்கிவிட்டேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாகிவிட்டது. அப்படியே கீழே உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பாப்பா, நான் போய் ஏறலைன்னா ரயில் கிளம்பவே கிளம்பாது. எல்லாரும் எனக்காக வெயிட் பண்ணிட்டு இருப்பாங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். "எல்லாருமா?"

"எல்லாரும். டாக்டர், டீச்சர், போலீஸ், எல்லாரும் அந்த ரயில்லதான் உக்காந்திருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு துப்பட்டாவை விட்டுவிட்டு, "சரி, ஓடு" என்றாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் புது ராஜ்ஜியம். ஏழரை ஆனதும் என் செருப்பை எடுத்து வாசலில் வைப்பாள். நான் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தால், "அம்மா, டாக்டர் வெயிட் பண்றார்" என்று விரட்டுவாள். நான் போன பிறகு பிள்ளைகள் இருவரும் என் கணவர் பொறுப்பு. ஒரகடத்தில் அவர் வேலை செய்யும் கம்பெனியின் பஸ் எட்டரைக்குத்தான் வரும். அதற்குள் மகளுக்கு ஜடை போட்டு, ஸ்கூல் வேனில் ஏற்றி, சின்னவனை க்ரெஷ்ஷில் விட வேண்டும். ஜடை ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது காதுக்குக் கீழேயும் நிற்கும். ஜடை பாதியில் இருக்கும்போது ஹாரன் கேட்குமாம். உடனே இவள் ஒரு விரலைத் தூக்கி, "அம்மா ஏறிட்டாங்க" என்று அறிவிப்பாளாம். அதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு நாள், "நீ ஒரு நாள் நல்லா மாட்டப் போற" என்றார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

ஆனால் பொய்யைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்கு வேளாவேளைக்குத் தீனியும் போட வேண்டியிருந்தது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல், லீவு போட்டுப் படுத்திருந்தேன். ஏழு ஐம்பதுக்கு ஹாரன் கேட்டது. அவள் ஓடிவந்து என் முகத்தையே பார்த்தாள். "இன்னைக்கு எனக்குப் பதிலா வேற ஒரு ஆன்ட்டியை அனுப்பியிருக்கேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆன்ட்டி தனி" என்றேன். இப்படி நானே ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கட்டிய சுவர், இந்த வருடம் அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு என் தலையிலேயே விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை மாலை அவள் டைரியில் வகுப்பு மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். 'நமக்கு உதவுபவர்கள்' பாடம் நடக்கிறது, ரயில் ஓட்டுநரான நீங்கள் வியாழக்கிழமை வந்து குழந்தைகளிடம் பத்து நிமிடம் பேச வேண்டும், முடிந்தால் யூனிஃபார்மில் வரவும்.

நான் அதை மூன்று முறை படித்தேன். கணவர் வாங்கிப் படித்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது.

"பாப்பா, மிஸ்கிட்ட என்ன சொன்ன?"

"எங்க அம்மா போகலைன்னா ரயில் கிளம்பாதுன்னு சொன்னேன்."

"ஓட்டறேன்னு சொன்னியா?"

"மிஸ் கேட்டாங்க, அப்ப உங்க அம்மாதான் டிரைவரான்னு. ஆமான்னேன்." என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "டிரைவர் வரலைன்னாதானே ரயில் கிளம்பாது?"

அவள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. லீவு போட்டால் மாற்று ஆள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி ஆள் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மிஸ்ஸுக்கு போன் செய்து தவறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் ஒரு வாரமாக வகுப்பில் ராணி மாதிரி இருந்திருக்கிறாள் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. ஜன்னல் ஓர இடத்துக்கு எப்போதும் சண்டை போடும் ஒரு பையன், அந்த இடத்தையே இவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். இப்போது நான் இல்லை என்று சொன்னால், ஒன்றாம் வகுப்பு முழுக்க அவளுக்குப் 'பொய் சொல்றவ' என்று பெயர் வந்துவிடும். பொய் சொன்னவள் நான், பெயர் கெடுவது அவளுக்கு.

மறுநாள் ரயிலில் தினமும் கூட வரும் ஓர் அக்காவிடம் சொன்னேன். அக்கா பெருங்களத்தூரில் ஏறுகிறவர், கிண்டியில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் என் எதிரே உட்கார்ந்து தினமும் மடியில் கவரை விரித்துக் காய் ஆய்வார். நானும் பேசிக்கொண்டே கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பேன். அன்று அவரைக்காய்.

"இதுக்கு இன்னாத்துக்கு பேஜார் ஆவுற?" என்றார். "ஒரு வெள்ளை சட்டையைப் போட்டுகினு போ. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு இன்னா தெரியும்? நாலு வாட்டி ஊன்னு கத்திட்டு வந்துடு."

எனக்கும் அது சரி என்றே பட்டது. கணவரின் வெள்ளைச் சட்டை இருக்கிறது. மனதுக்குள் அளவுகூடப் பார்த்துவிட்டேன்.

"நான் சொல்லாத பொய்யா?" அக்கா நாரை உரித்துக்கொண்டே தொடர்ந்தார். "என் புள்ள சின்னதா இருக்கசொல்ல, உனக்கு ரிமோட் கார் வாங்கியாரப் போறேன்னு சொல்லித்தான் தினமும் வேலைக்குப் போவேன். சாயங்காலம் மறந்துடுவான்னு நெனப்பு."

"மறந்துட்டாரா?"

"எங்க? இப்ப இருபத்தஞ்சு வயசு, மேடவாக்கத்துல குடும்பமா கீறான். இன்னைக்கும் ஒரு சண்டை வந்துச்சுன்னா அந்தக் காரைத்தான் கேக்குறான்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வெள்ளைச் சட்டை யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

புதன்கிழமை மாலை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை வாயெடுத்தேன். ஒருமுறை அவள் தம்பியை வரிசையாக அடுக்கிய தலையணைகளின் பின்னால் உட்காரவைத்து, "அம்மா இப்படித்தான் ஓட்டுவாங்க" என்று காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தைரியம் வரவில்லை. வாடிக்கையாளரிடம் 'மன்னிக்கவும்' என்று தினமும் நாற்பது முறை சொல்கிற வாய், ஆறு வயதுப் பெண்ணிடம் ஒருமுறை திறக்கவில்லை.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு போட்டு, சாதாரண சுடிதாரில் போய் வகுப்பு வாசலில் நின்றேன். முப்பது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். என் மகள் என் உடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நான் ரயில் ஓட்டறவ இல்ல," என்று ஆரம்பித்தேன். "தினமும் அந்த ரயில்ல ஏறி வேலைக்குப் போறவ, அவ்வளவுதான்."

முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி அவளைப் பார்த்தான். "அப்ப இவ பொய் சொன்னாளா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் பாக்ஸைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்து மூடினாள்.

"அவ சொல்லல," என்றேன். "நான்தான் அவகிட்ட பொய் சொன்னேன். அம்மா சொல்றது நிஜம்னு நம்பி அவ உங்ககிட்ட சொன்னா. தப்பு என்னோடது."

மிஸ் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். முன்வரிசைப் பையன் விடவில்லை. "ஏன் ஆன்ட்டி பொய் சொன்னீங்க?"

"நான் வேலைக்குக் கிளம்பும்போது அவ அழுவா. அவ அழுதா எனக்கும் அழுகை வரும். அதான்."

அவன் யோசித்துவிட்டு, "எங்க அம்மா குப்பை கொட்டிட்டு வரேன்னு சொல்லிட்டு ஆபீஸ் போயிடுவாங்க" என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எங்க அம்மா பாத்ரூம் போறேன்னு சொல்வாங்க, சாயங்காலம்தான் வருவாங்க" என்றாள். அவ்வளவுதான். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை உள்ள அம்மாக்களின் பொய்களெல்லாம் பத்து நிமிடத்தில் அந்த வகுப்பில் கொட்டப்பட்டன. ஒருவழியாக அவர்களை அடக்க, என் வேலை என்னவென்று சொல்லி, "வீட்ல ரிப்பேரான பொருள் இருந்தா கம்ப்ளெயின்ட் கொடுங்க" என்றேன். மிக்ஸி, ஃபேன், ஒரு சைக்கிள், எப்போதும் போனையே பார்க்கும் ஓர் அப்பா என்று பதினேழு புகார் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்தேன். என் மகள் மட்டும் கையைத் தூக்கவில்லை.

வெளியே வரும்போது மிஸ் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "நான் போகலைன்னா ஸ்கூல்ல பெல் அடிக்க மாட்டாங்கன்னு என் பையன்கிட்ட சொல்லியிருக்கேங்க" என்றார். இருவரும் வராந்தாவில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அன்று மாலை மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப நீ இல்லாமலே ரயில் போயிடுமா?"

"போயிடும்."

"லீவு போட்டா வர்ற ஆன்ட்டி?"

"அப்படி யாருமே இல்லம்மா. சாரி."

தலையாட்டிவிட்டுக் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு முப்பத்தைந்து. பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் செருப்பைக் காணோம். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என் செருப்பு அவள் மடியில் இருந்தது.

"நீ போகலைன்னாலும் ரயில் போயிடும்ல?"

"போயிடும்."

"அப்ப இன்னைக்கு போகட்டும்."

அழவில்லை. துப்பட்டாவைப் பிடிக்கவில்லை. நியாயத்தைப் பேசினாள். அந்த மாதம் ஆபீஸில் எனக்கு ஏற்கெனவே இரண்டு லேட். மூன்றாவது விழுந்தால் இன்னொரு அரை நாள் லீவு போய்விடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஆபீஸில் ஃப்ரிட்ஜெல்லாம் அழுதுகொண்டிருக்கும் என்று புதிதாக ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, பையைக் கழற்றி வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னவனும் பிஸ்கெட்டோடு வந்து எங்கள் நடுவில் இடம் பிடித்தான். சீப்பும் கையுமாக வந்த கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

மூவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் லாரி ஒன்று போனது. ஏழு ஐம்பதுக்கு ஹாரன் கேட்டது. அவள் ஒரு விரலைத் தூக்கினாள். சத்தம் வண்டலூர்ப் பக்கம் போய் மறையும்வரை விரலை இறக்கவில்லை.

"போயிடுச்சு," என்றாள்.

"ஆமா."

"நீ இங்க இருக்க."

"இருக்கேன்."

இரண்டு வருடமாக எத்தனையோ ரயில்களுக்கு அவள் என்னை அனுப்பி வைத்திருக்கிறாள். ஊரில் எல்லாருக்கும் நான் வேண்டும் என்று நினைத்து விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவளுக்காக நான் போகவிட்ட முதல் ரயில் அது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மடியிலிருந்த செருப்பை எடுத்து, வலதை இடது காலுக்கும் இடதை வலது காலுக்குமாக என் முன்னால் வைத்தாள்.

"அடுத்த ரயில் எப்ப?"

"எட்டு பத்து."

"அப்ப சீக்கிரம் ஓடும்மா," என்று என் முதுகைத் தள்ளினாள். "அது உனக்காக வெயிட் பண்ணாது."