உங்க நெருப்புதான், ரப்பி

தினமும் காலை ஆறு மணிக்கு யூத குரு ரப்பி ஹெர்ஷ்கோ பேக்கரியின் பின்வாசல் வழியாக உள்ளே வருவார். தொப்பியைக் கழற்ற மாட்டார். கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, அடுப்புப் பக்கம் தலையைத் திருப்பி, "நெருப்பு?" என்று ஒற்றை வார்த்தையில் கேட்பார்.

"உங்க நெருப்புதான், ரப்பி" என்பான் அடுப்புக்காரன் நெஸ்டோர்.

அவ்வளவுதான். ரப்பி குனிந்து அடுப்புக்கு அடியில் எரியும் நீலச் சுடரை ஒரு நொடி பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். சனிக்கிழமை தவிர எல்லா நாளும் இதே பாட்டுதான். இருபத்தேழு வருஷம் இப்படி நடந்தது. அந்தக் கேள்விக்கு ஒரு நாள் தான் பயப்படுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் நெஸ்டோர் சிரித்திருப்பான்.

ப்ரூக்ளினில் எங்கள் மிட்வுட் வட்டாரத்தில் ஒரு பேக்கரி பிழைப்பது மாவினால் அல்ல, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு காகிதத்தால். 'இந்தக் கடையின் பண்டம் கோஷர், எங்கள் ஆசாரப்படி சுத்தமானது' என்று ரப்பி கையெழுத்துப் போட்ட காகிதம். அதற்கு நூறு விதி. அதில் ஒன்று இந்த நெருப்பு. மாவை யார் வேண்டுமானாலும் பிசையலாம், யார் வேண்டுமானாலும் சுடலாம். அடுப்பில் நெருப்பை மட்டும் யூதர் ஒருவர் பற்றவைத்திருக்க வேண்டும். அதனால்தான் அடுப்பைத் தணித்தாலும் அடியில் அந்தச் சிறு சுடர், அணையா விளக்கு மாதிரி, எரிந்துகொண்டே இருக்கும்.

நெஸ்டோர் யூதன் இல்லை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பத்தொன்பது வயதில் வந்து இறங்கியவன். ஞாயிறு தவறினாலும் புதன் ஜெபக்கூட்டம் தவறாதவன். பேகல் என்ற வளைய ரொட்டி சுடும் ஸில்பர் கடையில் சாக்குத்துணி சுற்றிய பலகை கழுவச் சேர்ந்து, மாவு உருட்டக் கற்று, பிறகு அடுப்பைப் பிடித்துக்கொண்டான். வெளிச் சாப்பாடு கடைக்குள் வரக்கூடாது என்பதால் தன் மதியச் சோற்றையும் பீன்ஸையும் சேர்ந்த நாள் முதல் எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான், மழையானாலும் பனியானாலும். முதலாளி லாஸர் ஸில்பர் இறந்தபின் அவர் மனைவி மால்கா கல்லாவுக்கு வந்தாள். மாரடைப்பு வந்த அன்று லாஸர் ஆம்புலன்ஸில் ஏறும்போது சொன்னது, "நெஸ்டோர், பலகையத் திருப்பு, கருகிடப்போவுது" என்பதுதான். நெஸ்டோர் திருப்பிவிட்டுத்தான் அழுதான்.

தொண்ணூற்றேழு இலையுதிர்காலத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கடை வந்தது. அதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு. நாடு முழுக்க நானூறு கிளை. பெயர்ப்பலகையின் நிறத்தை வைத்து எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது மஞ்சள் கடைதான். அங்கே மாவு கிடையாது, உருட்டல் கிடையாது, வெந்நீர்க் கொப்பரை கிடையாது. நியூ ஜெர்சியில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் பாதி வெந்து, உறைந்து, லாரியில் வந்து, மின்சார அடுப்பில் நீராவி குடித்து எழுந்திருக்கும் பேகல். எல்லாம் ஒரே அச்சு, ஒரே உயரம், தலையணை மாதிரி உப்பல். கோஷர் காகிதம் அவர்களிடமும் இருந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு, வண்ணத்தில். அங்கே நெருப்பு வைப்பவர் தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு முறை பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார் என்றார்கள்.

ஸில்பர் கடை பேகல் வேறு ஜாதி. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த மாவு வளையத்தைக் காலையில் மால்ட் பாகு கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, ஈரச் சாக்குப் பலகையில் வரிசை வைத்து, அடுப்பில் தள்ளி, மேல்தோல் பிடித்ததும் பலகையோடு கவிழ்க்க வேண்டும். ஒன்று கோணலாக இருக்கும், ஒன்று சப்பையாக. கடித்தால் தோல் நொறுங்கி, உள்ளே பல்லோடு மல்லுக்கட்டும்.

"மால்கா, உன் பேகலக் கடிக்க எனக்குப் பல்லு இல்ல. அவன் கடை பேகல்ல கடிக்கவே ஒண்ணும் இல்ல. நான் எங்கதான் போறது, சொல்லு" என்பார் ஓய்வுபெற்ற தையல்காரர் போட்னிக்.

"பல்டாக்டர்கிட்ட போங்க. அவன் கடைக்குப் போய் அந்தப் பஞ்ச மெல்லப் போறீங்களாக்கும்."

"ஆறு வாங்கினா ஆறு இனாமாம்!"

"இனாமா குடுத்தா விஷத்தையும் ரெண்டு பொட்டலமா வாங்குவீங்களே!"

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் டிசம்பரில் மால்கா பத்து மணிக்கு மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நெஸ்டோர் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மஞ்சள் கடையில் ஒன்று வாங்கி பஸ் நிறுத்தத்தில் தின்று பார்த்தான். கேவலமாக இருக்கும் என்று ஆசையோடு கடித்தான். மோசமில்லை. மெத்தென்று, இனிப்பாக, தொல்லையில்லாமல் தொண்டையில் இறங்கியது. அன்றுதான் அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"இன்னும் ஒரே ஒரு அடி விழுந்தா நான் மூடிடுவேன் நெஸ்டோர். என்னால ஆகாது" என்று மால்கா சொன்னதும் அந்த வாரம்தான்.

மஞ்சள் கடைக்காரர்கள் தினமும் தெருவிலுள்ள கதவுகளிலெல்லாம் இனாம் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். மால்கா கடை திறக்கும்போதே அதையெல்லாம் ஒரே இழுப்பாகக் கிழித்து, படிக்காமல், குப்பையில் திணிப்பாள். ஜனவரியில் அப்படிக் கிழித்ததில் கேஸ் ஆபீஸ் ஒட்டிய அறிவிப்பும் போய்விட்டது. வியாழக்கிழமை மதியம் ஒன்று முதல் மூன்று வரை தெருவில் குழாய் மாற்றுகிறோம், கேஸ் இருக்காது என்ற அறிவிப்பு.

அந்த வியாழக்கிழமை மால்கா மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி போயிருந்தாள். முன்பக்கம் கல்லாப் பெண் மட்டும். ஒரு மணிக்குமேல் அடுப்பு இளைத்தது. நெஸ்டோர் குனிந்து பார்த்தான். அடியில் சுடர் இல்லை. வெறும் கறுப்பு. மூன்று மணிக்கு கேஸ் ஆபீஸின் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் கதவைத் தட்டி, "வந்துடுச்சுப்பா, பத்தவச்சுக்க" என்று கத்திவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

பலகையில் முன்னூறு வளையம், ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு, ஐந்து மணிக்கு ஆள் வரும். இன்னும் கொஞ்சம் நேரம் விட்டால் மாவு பொங்கி உட்கார்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தான், மால்காவைப் பிடிக்க முடியவில்லை. சுவரில் ரப்பியின் எண் பென்சிலில் எழுதியிருந்தது. ரிசீவரை எடுத்தான். போன கோடையில் பக்கத்து வட்டாரத்து பேக்கரி ஒன்றில் வேலைக்காரனின் பையில் பன்றி இறைச்சி சாண்ட்விச் இருந்ததற்கே காகிதத்தைப் பிடுங்கிவிட்டார்கள்; மூன்றே மாதத்தில் கடை மூடிவிட்டது. இருபத்தேழு வருஷ நெருப்பே அணைந்ததற்கு என்ன செய்வார்கள்? இன்னும் ஒரே ஒரு அடி என்றாளே மால்கா. ரிசீவரை வைத்துவிட்டான். மண்டியிட்டு, சிகரெட் லைட்டரால் தானே பற்றவைத்தான். நீலச் சுடர், அச்சு அசல் பழையது மாதிரியே, எழுந்து நின்றது.

மறுநாள் காலை ஆறு மணி.

"நெருப்பு?"

நெஸ்டோர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உங்க நெருப்புதான், ரப்பி."

ரப்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் நின்றதாக அவனுக்குத் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சுக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இரவில் மனைவி இவெட்டிடம் மட்டும் சொன்னான்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. தீக்குச்சி கிழிச்சதுக்கு யாராவது தலைய எடுப்பாங்களா?"

"உனக்குத் தெரியாதுடி. அவங்க சட்டம் வேற."

"சட்டம் வேறயா இருக்கலாம். பொய் எல்லா ஊர்லயும் பொய்தான்."

நாளை, நாளை என்று தள்ளினான். தள்ளத் தள்ள அது கனத்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு பொய். ஒரு வாரம் கழித்து ஆறு பொய். அதற்குமேல் எண்ண அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரியில் மஞ்சள் கடை மானேஜர் டேரன் பஸ் நிறுத்தத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சின்ன வயசு, நல்ல பல்வரிசை.

"குளிர்ல ஏண்ணே இங்க சாப்பிடுறீங்க? எங்க கடையில உள்ளயே உக்காந்து சாப்பிடலாம். பத்து மணிக்கு வேலைக்கு வந்தாப் போதும்."

"எனக்கு வேல இருக்கு தம்பி."

"தெரியும், தெரியும். சும்மா சொன்னேன்." டேரன் காபியை உறிஞ்சினான். "அன்னைக்குத் தெரு முழுக்க கேஸ் இல்லாம லாண்டரிக்காரன்லாம் தலைல கை வச்சு உக்காந்துட்டான். உங்க கடையில ரப்பி வராமலே நாலு மணிக்குக் கமகமன்னு வாசன வந்துச்சு. கெட்டிக்காரர்ணே நீங்க."

மிரட்டவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. நெஸ்டோரின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். நெஸ்டோர் மீதிச் சோற்றைக் குப்பைத்தொட்டியில் கொட்டினான்.

இதற்குமேல் ஒன்று நடக்க வேண்டுமா? நடந்தது. மால்காவுக்குப் பேரன் பிறந்த தெம்பில் ஒரு யோசனை வந்தது. அச்சகத்தில் பெரிய அட்டை அடித்துக்கொண்டு வந்தாள். 'எங்கள் அடுப்பில் எரிவது பொத்தான் நெருப்பல்ல. ரப்பி ஹெர்ஷ்கோ தன் கையால் ஏற்றியது. ஒரு நாளும் அணைந்ததில்லை.'

"எப்படி இருக்கு? மஞ்சக் கடைக்காரன் இத எழுத முடியுமா, சொல்லு!"

"எதுக்கு மேடம் இதெல்லாம்…"

"எதுக்கா? நம்மகிட்ட இருக்கறது இது ஒண்ணுதான் நெஸ்டோர். புடி, நேரா புடி. நீதான் மாட்டணும், உன் கை ராசி."

அவனே ஏணியில் ஏறி மாட்டினான். கெட்ட காலம், அது பலித்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஞாயிறு காலை வரிசை மறுபடி வாசலைத் தாண்டியது. பல் இல்லாத போட்னிக்கூட, "அணையாத நெருப்பாச்சே, ஊறவச்சுத் தின்னுக்கறேன்" என்று நான்கு வாங்கினார். மால்கா சிரிக்கச் சிரிக்க நெஸ்டோர் இளைத்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் டேரன் கைகட்டி நின்று அட்டையைப் படிப்பதை அவன் இரண்டு முறை பார்த்தான்.

மார்ச் முதல் ஞாயிறு. காலை ஆறு மணிக்கு ரப்பி ஹெர்ஷ்கோ பின்வாசலில் வரவில்லை. முன்வாசலில் வந்தார். அட்டைக்கு முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். பிறகு உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நெஸ்டோர், நெருப்பு?"

மால்கா காபியோடு நின்றிருந்தாள். நெஸ்டோர் பலகையிலிருந்து கையை எடுத்தான். "உங்க…" என்று தொடங்கினான். மீதி வரவில்லை.

"ரெண்டு கட தள்ளி கோஷர் பீட்சாக் கட இருக்கே," என்றார் ரப்பி. "அந்த வியாழக்கிழம மூணேகாலுக்கு அந்தக் கடக்காரர் போன் பண்ணாரு. நான் வந்து பத்தவச்சுட்டுப் போனேன். அர நிமிஷ வேல. உன் வாசலத் தாண்டித்தான் போனேன், நெஸ்டோர். நீ எப்படியும் கூப்பிடுவன்னு வீட்டுக்குப் போய்ப் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"என்ன போன்? என்ன வியாழக்கிழம?" என்றாள் மால்கா.

"அன்னைக்குத் தெரு முழுக்க கேஸ் நின்னு உங்க நெருப்பும் அணைஞ்சுது, மால்கா. மறுநாள் காலைல நானே ஒரு குச்சியப் பத்தவச்சு உங்க அடுப்புல போட்டேன். அது போதும். அன்னையிலேர்ந்து நெருப்புல ஒரு குத்தமும் இல்ல." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "தினமும் கேட்டேன். இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு ஆறு வாரமாக் கேட்டேன். நான் இங்க நிக்கறது அர நிமிஷம். மீதி நாள் பூரா இந்தக் கடைக்குள்ள என்ன வருது, என்ன போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இவன் சொல்றதுதான். அந்தக் காகிதத்த நான் அடுப்பப் பாத்து எழுதல. இவன் வார்த்தைய நம்பி எழுதினேன். இப்ப வாசல்ல வேற பொய்ய எழுதி என் பேர மாட்டியிருக்கீங்க."

மால்கா நெஸ்டோரைப் பார்த்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மூடிடுவேன்னு சொன்னீங்களே மேடம்."

அவள் காபியை வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ரப்பி கண்ணாடியிலிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டினார். பழைய பசை, வரவில்லை. நெஸ்டோரே மாவு வெட்டும் தகட்டை எடுத்துவந்து, கிழியாமல், ஓரத்திலிருந்து பெயர்த்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். நெஸ்டோர் ஏணியைப் போட்டு அட்டையையும் இறக்கினான்.

வாசலில் வரிசை சேர்ந்திருந்தது. முதல் ஆள் போட்னிக். கண்ணாடியில் காகிதம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்ததைப் பார்த்தார்.

"என்னப்பா, கழுவ எடுத்தீங்களா?" என்றார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

நெஸ்டோர் கதவைத் திறந்து வாசலில் நின்றான். "இல்லைங்க. ரப்பி எடுத்துட்டுப் போயிட்டார். நான் அவர்கிட்ட ஆறு வாரமாப் பொய் சொன்னேன்."

போட்னிக் அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து புதிதாக இறக்கிய பலகையின் வாசனை வந்துகொண்டிருந்தது. கைத்தடியை ஊன்றி, வண்டி வருகிறதா என்று இரு பக்கமும் பார்த்துவிட்டு, மஞ்சள் கடையை நோக்கித் தெருவைக் கடந்தார். நெஸ்டோர் அடுத்த ஆளிடமும் அதையே சொன்னான்.