இரண்டு புள்ளிச் சட்டை

இடது கை மோதிர விரல் காய்ந்துவிட்டதா என்று சிஸ்டர் உதட்டால் தொட்டுப் பார்க்கிறார். விரலால் தொட்டால் ரேகை விழும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பத்து நகத்திலும் பத்து நிறம். வலது கை பாத்திரம் தேய்க்கும் கை, இடது கை சும்மா இருக்கும் கை. எந்த பாலிஷ் எந்தக் கையில் எத்தனை நாள் தாங்குகிறது என்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கிறார். ஊதா இரண்டே நாளில் உரிந்தது. அதற்கு நேரே "ஏமாத்துக்காரன்" என்று எழுதியிருக்கிறார்.

காய்ந்தபாடில்லை. வாயைக் குவித்து ஊதுகிறார்.

"ஊதாதம்மா," என்கிறாள் மகள். லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் இன்ஜினியர் அவள். "அதுல இருக்கற கரைப்பான் தானா ஆவியாகணும். ஊதினா மேல தோல் கட்டும், உள்ள ஈரமாவே இருக்கும்."

"உன் லிஃப்டுக்கு நீ சொல்லு. என் நகத்துக்கு நான் ஊதிக்கறேன்."

சிஸ்டருக்கு அறுபது வயது. முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அங்கே நகம் மயிரிழை வளர்ந்தாலும் தலைமை நர்ஸ் பேசாமல் நகவெட்டியை நீட்டுவார். பின்னாளில் சிஸ்டரே தலைமை நர்ஸாகி, பேசிக்கொண்டே நீட்டினார். ஓய்வு பெற்ற மறுநாள் போய்ப் பதினான்கு குப்பி பாலிஷ் வாங்கி வந்தார். கணவர் இறந்து அப்போது ஐந்து மாதம். இப்போது எட்டு.

ஒரு நாள் நாத்தனார் வந்தார். பத்து விரலையும் பார்த்தார். "என் தம்பி போய் வருஷம்கூட திரும்பல. அதுக்குள்ள நகத்துல கண்காட்சியா?"

"உங்க தம்பிக்கு இதுல பாதி கலர் தெரியவே தெரியாது, அண்ணி. இருந்திருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பாரு? கையக் குடுங்க இப்படி."

போகும்போது நாத்தனாரின் சுண்டுவிரல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை பழைய துணிக்கடை. சிஸ்டரின் அலங்காரம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது: யாரோ ஒரு குண்டு மனிதரின் கோட்டு, கை நான்கு மடிப்பு மடித்தது. இடுப்பு நிற்காத பாவாடைக்கு பெல்ட்டாக ஒரு கழுத்து டை. சென்ற வாரம் ஒரு விளையாட்டு பனியன்.

"அம்மா, முதுகுல கோல்கீப்பர்னு எழுதியிருக்கு."

"இருக்கட்டும்டி. பின்னாலருந்து எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

தனக்கு உடுத்துவதோடு நிற்பதில்லை. கண்ணாடி முன் யார் நின்றாலும் தீர்ப்பு சொல்வார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். "அது உங்களுக்கு வேணாம். தலகாணிக்கு உறை போட்ட மாதிரி இருக்கு." துணி விஷயத்தில் அவர் பொய் சொன்னதே இல்லை என்று கடைக்காரம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வியாபாரம் பாதி கெடுகிறது, மீதிப் பாதி சிஸ்டரால்தான் நடக்கிறது.

ஒரே ஒரு பொய் உண்டு. அது மகளுக்குத் தெரியும்.

அப்பா கணக்கு வாத்தியார். சில நிறங்கள் அவர் கண்ணுக்குப் பிடிபடாது. பச்சைச் சட்டையும் செங்கல் நிறக் கால்சட்டையுமாகப் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவார். அதனால் சிஸ்டர் ஒரு குப்பி நெயில் பாலிஷ் வாங்கினார், ரத்தச் சிவப்பு. வீட்டில் அதை யாரும் நகத்தில் பூசியதில்லை. காலரின் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்த சட்டைக்கு, இடுப்புப் பட்டியின் உள்ளே ஒரு புள்ளி வைத்த கால்சட்டை. இரண்டு புள்ளிக்கு இரண்டு புள்ளி. கணக்கு வாத்தியாருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு முறை அவர் தானாகப் போய், தானாகத் தேர்ந்தெடுத்து, ஒரு சட்டை வாங்கி வந்தார். பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினார். "சாம்பல் கலர். எப்படி?"

சட்டை ரோஸ். இளசு கூட இல்லை, நல்ல ரோஸ்.

சிஸ்டர் அரை நிமிடம் பார்த்தார். "நல்ல சாம்பல்," என்றார். காலரைத் திருப்பி இரண்டு புள்ளி வைத்தார். ஒன்பது வருடம் அதைப் போட்டுக்கொண்டு அப்பா வகுப்பெடுத்தார். பிள்ளைகள் 'ஐஸ்கிரீம் சார்' என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

அந்தச் சட்டையைத் தொலைத்தவள் மகள்தான். அப்பா போன ஆறாம் நாள், எதையாவது சரிசெய்தாக வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சரிசெய்ய ஒன்றும் இல்லை. அலமாரியைக் காலி செய்தாள். இருபத்து மூன்று சட்டை, பதினெட்டு கால்சட்டை. மூட்டைக்கு எண் ஒட்டி, பழைய துணிக்கடையில் இறக்கிவிட்டு வந்தாள். சிஸ்டர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். விழித்ததும் காலி அலமாரியைப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு," என்றார். அலமாரிக் கதவைச் சாத்தினார். அந்தப் பாராட்டை இன்றுவரை மகளால் மறக்க முடியவில்லை.

கடையின் பின்னறையில் கூரை முட்ட மூட்டைகள். எது எப்போது பிரியும் என்று கடைக்காரம்மாவுக்கே தெரியாது. வாராவாரம் ஒன்றிரண்டு பிரியும். பிரித்ததை சிஸ்டர் காலர் காலராகத் திருப்பிப் பார்ப்பார். அப்பாவின் புள்ளி வைத்த சட்டைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. அவற்றை நன்றாக நீவி, முன்வரிசையில் மாட்டிவிட்டு வந்தார். இருபத்திரண்டு சேர்ந்தது, ரோஸ் மட்டும் அகப்படவில்லை.

"ஒண்ணுதானே பாக்கி. விடேம்மா," என்றாள் மகள்.

"வயித்துக்குள்ள வச்ச பஞ்சு எல்லாம் திரும்பி வந்துச்சான்னு எண்ணாம தையல் போடக் கூடாதுடி. ஒண்ணு குறைஞ்சாலும் டாக்டர் கைகட்டி நிக்கணும்."

சென்ற சனிக்கிழமை அது அகப்பட்டது. கண்ணாடி முன் நின்ற ஒரு பஸ் டிரைவரின் உடம்பில்.

பெரிய உடம்பு, காக்கிக் கால்சட்டை. பட்டனைப் போட்டுவிட்டுத் தோளைத் தோளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் முதலில் பார்த்தாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். சிஸ்டர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

"காலரத் திருப்புங்க தம்பி."

"எதுக்குக்கா?"

"திருப்புங்க."

இரண்டு புள்ளி. ஒன்று பாதி உரிந்திருந்தது.

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "ரோஸு நமக்கு ஒத்து வருமாக்கா? வீட்ல சிரிப்பாங்களோன்னு யோசிக்கிறேன். நீங்க சரியாச் சொல்வீங்கன்னு கடைல சொன்னாங்க. நல்லா இல்லன்னா கழட்டிடறேன்."

ஒரு வார்த்தை போதும். இந்தக் கடையில் அவர் 'வேணாம்' என்று சொன்ன துணியை யாரும் வாங்கியதில்லை. சொல்லிவிடும்மா என்று மகள் மனதுக்குள் சொன்னாள். கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் அரை நிமிடம் பார்த்தார். தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. முகத்துக்கு வெளிச்சம் வந்திருந்தது. அப்பாவுக்குக்கூட இது இவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை.

"கழட்டாதீங்க," என்றார். "நல்லா இருக்கு. ஆனா இந்தக் காக்கியோட வேணாம், பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கு."

வரிசையில் துழாவி ஒரு கருநீலக் கால்சட்டையை உருவினார். கைப்பையிலிருந்து ரத்தச் சிவப்புக் குப்பியை எடுத்தார். காலரில் உரிந்த புள்ளியைச் சரிசெய்தார். பிறகு இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தைத் திருப்பி, ஒன்று, இரண்டு.

"சிஸ்டர், அது இன்னும் விக்கல," என்றார் கடைக்காரம்மா.

"எடுத்துக்கறேம்மா," என்றார் டிரைவர். "இது எதுக்குக்கா, புள்ளி?"

"எதுக்கு எது போடணும்னு தெரியறதுக்கு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

கால்சட்டையை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பத்து விரலிலும் பத்து நிறம். ஊதுவதற்கு உதட்டைக் குவித்தார். காற்று வரவில்லை. இன்னொரு முறை குவித்தார்.

மகள் குனிந்து, அந்தப் புள்ளிகளின் மேல் மெதுவாக ஊதினாள்.