நான்காவது ட்ரம்பெட்

காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெயக்கொடியின் வலது கை மூடியே இருக்கும். கூட நிற்கும் பெண்கள் பதினான்கு வருஷமாக அதைப் பார்க்கிறார்கள். முதலில் டிக்கெட்டுக்குச் சில்லறை என்று நினைத்தார்கள். பிறகு தாயத்து என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் பஸ் தாமதமானபோது ஒருத்தி அவள் விரல்களைப் பிரித்தே பார்த்துவிட்டாள். உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணமும் அதன் அடியில் ஒரு குட்டைக் குழாயும் இருந்தன. ட்ரம்பெட்டின் வாய் வைக்கும் துண்டு அது, மௌத்பீஸ்.

அந்த மௌத்பீஸ் மட்டும்தான் அவளுடையது. ட்ரம்பெட், அக்கா புருஷன் கோதண்டராமனுடையது. அவர் பேண்டு செட் நடத்துகிறார். கல்யாணம், சாவு, மேல்மலையனூர் கோயில் அமாவாசை என்று அழைப்பு வருகிற நாளில் ட்ரம்பெட்டைக் கையில் கொடுப்பார். முடிந்ததும் வாங்கித் துடைத்துப் பெட்டியில் பூட்டிவிடுவார். மாசத்துக்கு நாலு நாளோ ஐந்து நாளோ. மற்ற நாளெல்லாம் ஜெயக்கொடி நெல் ஏலம் போகும் கமிட்டி மண்டியில் சாக்கு உதறி, சிந்திய நெல்லைக் கூட்டித் தூற்றுவாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து மௌத்பீஸை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாள். கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

ஏழாவதோடு பள்ளியை விட்டவள். அக்கா வீட்டுக் கொட்டகையில் செட் ஒத்திகை பார்க்கும்போது கூடவே இருந்து, காதால் கேட்டே எல்லாப் பாட்டையும் பிடித்துக்கொண்டாள். ஒரு கல்யாணத்தன்று ட்ரம்பெட்காரர் வராமல் போனார். மானம் போகாமல் காப்பாற்றினால் போதும் என்று கோதண்டராமன் அவளை ஊதச் சொன்னார். அன்றிலிருந்து ஊதுகிறாள்.

போன வருஷம் தை மாசக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜாஸ் இசைக்குழு செஞ்சிக்கு வந்தது. பதினெட்டுப் பேர். ஊர் ஊராகப் போய் வாசிப்பார்கள். போகிற ஊரிலெல்லாம் ஐந்து நாள் தங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊதவும் தட்டவும் கற்றுக்கொடுப்பார்கள். நான்கு ட்ரம்பெட்டில் கடைசி நாற்காலியையும் கீபோர்டையும் அந்தந்த ஊர்க்காரருக்கு விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பெண்கள் பள்ளியில் குழு இறங்கியிருந்தது. ஆள் கேட்டு அருண்பிரசாத் என்பவர் கோதண்டராமன் வீட்டுக்கு வந்தார். சென்னைக்காரர், அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறவர்.

ஜெயக்கொடி ஊதிக் காட்டியதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. "நோட்ஸ் படிப்பீங்களாக்கா?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கோதண்டராமன் முந்திக்கொண்டார். "அதெல்லாம் படிக்கும் சார். எங்க செட்டுல யாரும் சும்மா ஊதறவங்க கிடையாது."

காகிதத்தில் குறித்து வைக்கிற இசை, அந்த நோட்ஸ், செட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ஜெயக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பொய் அவள் தலைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

போவதற்கு முன் அருண்பிரசாத் இன்னொன்றும் சொன்னார். குழு போகும்போது பன்னிரண்டு வாத்தியங்களைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போகும். உள்ளூரில் ஒருவரைப் பொறுப்பாக்கும். அலமாரிச் சாவி அவரிடம் இருக்கும். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மற்ற நாளில் ஒரு வாத்தியத்தை வீட்டுக்கே எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம். யார் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி முடிந்ததும் முடிவாகும்.

வீட்டிலேயே ஒரு ட்ரம்பெட். கேட்காமல் எடுக்கலாம். சோறு வடித்துவிட்டு எடுக்கலாம். ஜெயக்கொடிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் இரண்டு நாள் தப்பித்துவிட்டாள். எதிரே தாங்கியில் நோட்ஸ் பேப்பர் இருந்தது. அவள் காது முழுக்க மற்றவர்கள் ஊதுவதில் இருந்தது. குழு ஒவ்வொரு பாட்டையும் முதலில் ஒரு தரம் முழுதாக வாசிக்கும். அப்போது நான்காவது ட்ரம்பெட்டின் பங்கைக் குழுவில் ஒருவர் ஊதிக் காட்டுவார். அதற்குள் அவளுக்குப் பாதி பிடிபட்டுவிடும். இரண்டாம் தரம் மீதி. பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் புரட்டினால் அவளும் புரட்டினாள். அவர் தலையாட்டினால் அவளும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள்தான் வந்தது வினை. அந்தப் பேப்பர்களில் பாட்டை நாலைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் கட்டம் போட்டு ஏ, பி, சி, டி என்று எழுதியிருந்தது. தலைவர் ஹென்ரிக், நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், நடுவில் கையைத் தூக்கி நிறுத்தினார். ஏதோ சொன்னார். "டி-யில இருந்து!" என்று அருண்பிரசாத் தமிழில் கத்தினார்.

ஜெயக்கொடிக்குப் பாட்டு என்பது ஒரே கயிறு. முனையைப் பிடித்தால்தான் நடு வரும். பேண்டு செட்டில் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்துதான் எடுப்பார்கள். ஹென்ரிக் விரல் சொடுக்கி நான்கு எண்ணினார். அந்த நான்கு எண்ணிக்கைக்குள் அவள் பாட்டை மனசுக்குள் ஆரம்பத்திலிருந்து தலைதெறிக்க ஓட்டினாள். டி எது என்று பிடிபடுவதற்குள் மற்றவர்கள் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

ஹென்ரிக் நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

"வால்வு ஒட்டிக்கிச்சு சார்" என்று சொல்லி, விரல் வைத்து அமுக்குகிற அந்த வால்வுகளை அழுத்தி அழுத்திக் காட்டினாள். மறுபடி எண்ணினார்கள். இந்தத் தரம் எங்கிருந்து என்று தெரிந்துவிட்டதால் சரியாக நுழைந்துவிட்டாள்.

டீ நேரத்தில் பிரவீணா பக்கத்தில் வந்து நின்றாள். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள், இருபத்துமூன்று வயசு, கீபோர்டில் பரீட்சையெல்லாம் எழுதித் தேறியவள். கீபோர்டு நாற்காலி அவளுக்கு. பேப்பர்களை அடுக்கி வைக்கிற வேலையும் அவளிடம்தான். சாவிக்கு அவள் பெயரும் அடிபட்டது.

"அக்கா" என்றாள் மெதுவாக. "உங்க ஸ்டாண்டுல இருக்குறது மூணாவது ட்ரம்பெட் பேப்பர். ஒரு காப்பி அதிகம் இருந்துச்சு, நான்தான் காலையில தப்பா வச்சிட்டேன்."

ஜெயக்கொடி டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஆனா நீங்க நாலாவது ட்ரம்பெட்தான் கரெக்டா ஊதினீங்க."

பிரவீணா சரியான பேப்பரைத் தாங்கியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் ஜெயக்கொடியைத் தின்றது. அன்று மாலை முழுவதும் அந்தப் பெண் அருண்பிரசாத்திடம் பேசும்போதெல்லாம் ஜெயக்கொடி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் கோதண்டராமன் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். "இன்னா கொடி, நீ பேப்பரைப் பாத்து ஊதறியா, பேப்பர் உன்னப் பாத்துனு இருக்குதா?"

கடையில் இருந்த செட்டு ஆட்கள் சிரித்தார்கள்.

"உன்னாலதான் மாமா. யார் உன்னப் படிக்கும்னு சொல்லச் சொன்னது?"

"அடப் போம்மா. தெரியாதுன்னு சொல்லியிருந்தா அந்த நாற்காலியில உன்ன உக்கார வச்சிருப்பானா? ஞாயித்துக்கிழமை மேடையில எவனும் டி-யில இருந்துன்னு கத்தப்போறது இல்ல. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம். ஊதிட்டு, சாவிய வாங்கி முந்தானையில முடிஞ்சிக்கினு வா."

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. இன்னும் இரண்டு ஒத்திகை. அவற்றைத் தாண்டிவிட்டால் போதும். தாண்டியும்விட்டாள். இரண்டு தரம் தண்ணீர் குடிக்கிற சாக்கில், ஒரு தரம் இருமல் சாக்கில்.

ஞாயிறு மாலை நாலரைக்குக் கச்சேரி. பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ராஜகிரி மலைப் பக்கமிருந்து சூடான காற்று வீசியது. முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், பின்னால் ஊர். கோதண்டராமன் செட்டு ஆட்களோடு மதிலோரம் உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று பாட்டும் நன்றாகப் போயின. ஜெயக்கொடிக்கு மூச்சு சீராக வந்தது. இனி ஒரே பாட்டு. அது முடிந்தால் சாவி.

நான்காவது பாட்டின் நடுவில் மதிலுக்கு வெளியே வெடி வெடித்தது. பிறகு மேளம். ஒரு சாவு ஊர்வலம் பள்ளியைத் தாண்டி ஆற்றங்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கோதண்டராமன் செட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தெருவில் பிணம் வந்தால், அது யாராக இருந்தாலும், தாங்கள் ஊதுவது கல்யாண ஊர்வலமாகவே இருந்தாலும், வாத்தியத்தை இறக்கிவிட வேண்டும். சாவு மேளத்தின் மேல் நம் சத்தம் விழக்கூடாது. பாடை தாண்டிப் போனதும் நிறுத்திய இடத்திலிருந்து எடுக்கலாம். பதினான்கு வருஷப் பழக்கம், யோசிக்க இடம் கொடுப்பதில்லை. வெடிச் சத்தம் காதில் விழுந்த கணமே ஜெயக்கொடியின் கை ட்ரம்பெட்டை மடிக்கு இறக்கிவிட்டது. மதிலோரம் கோதண்டராமனும் ஆட்களும் எழுந்து நின்றார்கள்.

மேடையில் மற்ற எல்லோரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வெளியே ஏதோ ஒரு சத்தம்.

அவள் தலை குனிந்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேளம் தள்ளிப் போனது, திருப்பத்தில் மங்கியது. கோதண்டராமன் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் எடுக்கலாம் என்று அர்த்தம். ஜெயக்கொடி ட்ரம்பெட்டைத் தூக்கி, நிறுத்திய இடத்திலிருந்து, முழு மூச்சோடு எடுத்தாள்.

பாட்டு அதற்குள் ஒரு பக்கம் தாண்டிப் போயிருந்தது. எல்லோரும் சத்தத்தை அடக்கி, ஒரு கிளாரினெட்டை மட்டும் தனியாக விட்டிருந்த இடம் அது. அதன் நடுவில் அவள் ஊதியது மைதானம் முழுக்க ஆணி அடித்தது போலக் கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஹென்ரிக் சட்டென்று திரும்பினார். அவள் நிறுத்தினாள். உள்ளே நுழைய இடம் தேடினாள். பேப்பரைப் பார்த்தாள். கறுப்புப் புள்ளிகள் வரிவரியாக நின்றன, ஒன்றும் பேசவில்லை. முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டினாள். பாட்டு அவளைவிட வேகமாக ஓடியது. பாட்டு முடியும்வரை ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க, உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஹென்ரிக்கும் அருண்பிரசாத்தும் நேராக அவளிடம் வந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் பிரவீணா இடையில் புகுந்தாள். "சார், காத்துல அக்கா பேப்பர் பறந்துடுச்சு. நான் பாத்தேன். மறுபடி எடுத்து வைக்கறதுக்குள்ள லைன் விட்டுடுச்சு."

ஜெயக்கொடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும். காற்றும் வீசிக்கொண்டுதான் இருந்தது. சாவி ஹென்ரிக்கின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது. முதல் நாளும் இதே போல வேறொருவர் இவளுக்காகப் பேசினார், இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேப்பர் பறக்கல சார்" என்றாள். "பிணம் போச்சு, அதான் எறக்கிட்டேன். திரும்ப எங்க சேந்துக்கணும்னு தெரியல. எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. முதல் நாள்ல இருந்தே தெரியாது."

மதிலோரத்திலிருந்து வந்துகொண்டிருந்த கோதண்டராமன் பாதியில் நின்றார்.

அருண்பிரசாத் ஆங்கிலத்தில் சொன்னார். ஹென்ரிக் அவள் தாங்கியிலிருந்த பேப்பரைப் பார்த்தார். பிறகு கேட்டதை அருண்பிரசாத் தமிழில் திருப்பினார். "நாலு பாட்டையும் காதுல கேட்டேவா ஊதினீங்க?"

"ஆமா சார்."

"தெரியாதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா, தினம் ஒரு மணி நேரம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்னு சொல்றார். அதுக்குத்தானே வந்தோம்னு கேக்கறார்."

தனக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஊரில் இதுவரை யாரும் வந்ததில்லை என்று ஜெயக்கொடிக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு நோட்ஸ் படித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சாவி பிரவீணாவுக்குப் போனது. யாரும் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு திரும்பிய பிரவீணாவைக் கேட் பக்கம் நிறுத்தி, ஜெயக்கொடி ஒன்றே ஒன்று கேட்டாள். "சனிக்கிழமையில நானும் வந்து உக்காரலாமா?"

"சொல்லிக்கொடுக்கவாக்கா?"

"இல்ல. படிக்க."

பிரவீணா சிரிக்கவில்லை. "எனக்கு ட்ரம்பெட்ல ஒரு சத்தம்கூட வரலக்கா. பசங்களுக்கு ஊதிக் காட்ட ஆள் வேணும். வாங்க."

கோதண்டராமன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் செட்டு ஆட்களிடம், "எங்க கொடி நாப்பத்தோரு வயசுல எட்டாவது புள்ளைங்களோட பெஞ்சுல உக்காருது, வீட்டுப்பாடம் எழுதலன்னா முட்டி போடுமாம்" என்று கேலி பேசினார். கேலி பேசினால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் கமிட்டியில் வேலை இருந்தாலும் ஜெயக்கொடி கிளம்பிவிடுகிறாள். இரண்டாவது பெஞ்சில் ஜன்னல் பக்கம் அவள் இடம். மெதுவாகத்தான் படிக்கிறாள். ஒரு வரிக்குப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. போன மாசம் அந்த நான்காவது பாட்டைப் பிரவீணா டி-யிலிருந்து எடுக்கச் சொன்னபோது, மனசுக்குள் முன்னால் எதையும் ஓட்டாமல், நேராக டி-யில் எடுத்தாள். வீட்டில் ட்ரம்பெட் இல்லை. சாவி பிரவீணாவிடம் இருக்கிறது. மௌத்பீஸ் ஜெயக்கொடியின் கையில் இருக்கிறது.