அரசர் வாயில் வந்த ஹிந்தி

பகலில் விஜயகுமாரி அந்தமானின் சாத்தம் துறையில் பம்பூ ஃப்ளாட் படகுக்கு டிக்கெட் கொடுப்பவர். மற்ற நேரமெல்லாம் அரசர். முப்பது வருடமாகப் பழைய காப்பியங்களை நாடகமாக்கி, தமிழர் சங்க ஆண்டு விழாவில் தானே வேடம் கட்டி நடித்து வருகிறார். ஆண்கள் ஷிஃப்டைச் சாக்குச் சொல்லி ஒத்திகைக்கு மட்டம் போட்டுப் போட்டே அரசர் வேடம் அவருக்குப் பட்டா ஆகிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் மீசை ஒட்டிக்கொண்டு அவர் நடந்து வந்தால், கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த அப்பா முத்துவீரனின் நடை அப்படியே இருக்கும்.

தமிழ் விஷயத்தில் மட்டும் படு கறார். மகள் வேடம் போடும் நர்ஸ் சங்கவி வாய் தவறி 'லேகின்' என்றுவிட்டால் அன்றைய ஒத்திகை அதோடு சரி.

"அரண்மனையில ஏதுடி லேகின்? 'ஆயினும்'னு சொல்லு. பத்து தடவ சொல்லு."

இந்த ஆண்டு சங்கச் செயலாளர் தேவேந்திரன் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, போன வருஷம் கடைசி சீன்ல ஒம்பது பேருதான் இருந்தாங்க. இந்தத் தடவையும் பப்ளிக் பாதியில எந்திரிச்சுப் போனா, அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ராதான். மாஃப் கர்னா, மன்னிச்சிருங்க."

"அந்த ஒம்பது பேரும் அழுதாங்களே, பாத்தியா?"

"அழுதாங்கக்கா. கடைசி போட்டு போயிருச்சேன்னு."

விஜயகுமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாடகம் இல்லாத ஒரு வருடத்தை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

விழா வந்தது. கோள் சொல்லை நம்பி உயிர் நண்பனை நாடு கடத்திய அரசன், அவன் இறந்த பிறகு உண்மை தெரிந்து, அவன் மகளிடம் மன்னிப்புக் கேட்டு அவள் காலடியிலேயே உயிரை விடும் கதை. நாலரைக்குத் தொடங்கினார்கள். ஆறு மணிக்கெல்லாம் நாற்காலிகள் கரகரக்கத் தொடங்கின. ஆறரைப் படகைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து பையையும் பிள்ளையையும் தூக்கினார்கள். பாவிகள், முன் வரிசையிலும் நாலு பேர்!

மேடையில் மகள் மன்னிக்காமல் திரும்பி நடந்தாள். 'நில், மகளே! நின்று என் பிழை கேள்' என்று அரசர் கதற வேண்டிய இடம். ஆனால் அரசரின் கண் மகள் மேலா இருந்தது? வாசலை நோக்கி நகர்ந்த கூட்டத்தின் மேல் இருந்தது. அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது:

"அரே, ருக்கோ! ருக்கோ!"

படகு கரையைத் தொடும் முன்பே குதிக்கிறவர்களைப் பார்த்துத் துறையில் தினமும் போடுகிற அதே சத்தம். கேட்டுக் கேட்டுப் பழகிய கூட்டம் அப்படியே நின்றது. ஒருவர் தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. அடுத்த நொடி கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

விஜயகுமாரிக்குக் காது சுட்டது. முப்பது வருடத்துக் கறார் ஒரே வார்த்தையில் கப்பலேறிவிட்டது. அழுகைகூட வந்தது. ஆனால் சிரித்தவர்கள் போகாமல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் அரசருக்குள் இருந்த டிக்கெட் கொடுப்பவர் முன்னால் வந்தார்.

"ஏழரைக்கு இன்னொரு போட்டு இருக்கு. நானே சொல்றேன். பைட்டோ, எல்லாரும்!"

உட்கார்ந்தார்கள். அவர் மீசையை அழுத்திக்கொண்டு மகள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "நில், மகளே" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அரசர் விழுந்து உயிரை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். ஒரு நாற்காலி நகரவில்லை. எங்கோ யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பக்கவாட்டில் தேவேந்திரனின் விசும்பல் நன்றாகவே கேட்டது. செத்துக் கிடந்த அரசரின் மீசை மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

சங்கவி பதறிப்போய்க் குனிந்து, முந்தானையால் அரசரின் முகத்தை மூடி, அவர் மேல் விழுந்து அழுதாள். கூடமே விம்மியது.

"அக்கா," என்றாள் அவர் காதோரம், "கொஞ்சம் சிரிக்காம சாவுங்க."