மதகை மூடிய மைதானக்காரர்

நகராட்சி மைதானத்தைப் பராமரிக்கும் மனிதருக்கும் மழைக்கும் ஜென்மப் பகை. வானம் லேசாக முகம் கறுத்தாலே போதும், தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவார். ஆடுகளம் ஈரமானால் தன் தலையில் இடி விழுந்த மாதிரி புலம்புவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் அவருக்குப் பிழைப்பு, இதுதான் பெருமை.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், இனி மழை வந்தால் மைதானத்தைக் குளமாக்கு என்றது நகராட்சி. முன்பு மாதக்கணக்கில் பெய்த மழை இப்போது ஒரே பொழுதில் கொட்டித் தீர்க்கிறது. பின்தெரு வீடுகள் மூழ்குகின்றன. அதனால் மைதானத்தை ஆள் உயரத்துக்குத் தோண்டி, சுற்றிலும் படி கட்டி, தெருக் கால்வாய்த் தண்ணீர் உள்ளே வர ஒரு மதகும் வைத்தார்கள். அதைத் திறந்துவைப்பது அவர் பொறுப்பு. மூக்கால் அழுதுகொண்டே சம்மதித்தார். பின்தெருவில்தான் அவருடைய தங்கை இருந்தாள். இன்னொரு தடவை வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அவளை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

வந்தது பேய்மழை. மனிதர் பறந்தார். தார்ப்பாயை விரித்தார், ஓரங்களில் கல் வைத்தார், மதகு வழியே தண்ணீர் எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் சக்கரத்தைச் சுற்றி இறுக மூடினார். நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது கைப்பேசி அடித்தது.

"அண்ணா, தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு. மதகு திறந்திருக்கா இல்லையா?"

சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷம், தன் கையாலேயே மூடித் தொலைத்திருக்கிறார். ஓடினார், வழுக்கி விழுந்தார், எழுந்து சக்கரத்தைத் திருப்பினார். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. கண்ணும் கருத்துமாகக் காத்த தார்ப்பாய் கல்லையெல்லாம் உதறிவிட்டு ஒய்யாரமாக மிதந்து போனது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை காலம் விரட்டிய தண்ணீரை இரண்டு கையாலும் வா வா என்று அழைத்தார். இடுப்பளவு தண்ணீரில் தலைகால் புரியாமல் குதித்தார்.

படிக்கட்டின் உச்சியில் குடையோடு தங்கை வந்து நின்றாள். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கேட்கவே பயமாக இருந்தது.

"உள்ள வரல. வாசல்லயே திரும்பிடுச்சு" என்றாள். "நாங்க எங்கயும் போகல. நீ முதல்ல மேல ஏறி வா, உனக்கு நீச்சல் தெரியாது."