பாக்கெட்டில் செருகிய ராடு

எர்ணாவூரில் குழாய்களைப் பற்றவைக்கும் ஷெட் அது. வெல்டர்களில் நாங்கள் இரண்டே பெண்கள். நான் காலடிப்பேட்டை, அவள் புளியந்தோப்பு. இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் பயிற்சி முடித்த இன்னும் மூன்று பெண்களைத் திங்கட்கிழமை எடுப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். சொதப்பினால் எங்களையும் பழையபடி கிரைண்டிங்குக்கே தள்ளிவிடுவார்கள்.

வெல்டிங் ராடுகளை ஓவனில் காயவைத்து, சூடு போகாத டப்பாவில் எடுத்துப்போய், ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அங்கே ஆண்கள் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஒரு கைப்பிடி அள்ளிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஏணி ஏறிவிடுவார்கள். நாங்கள் டப்பாவோடு போனால் டிபன் கேரியர் வருகிறது என்று கிண்டல். வியாழக்கிழமை அது பொறுக்காமல் நானும் பாக்கெட்டில் செருகிக்கொண்டேன். கடல் காற்றில் ராடு ஈரம் இழுக்கும், பற்றவைத்த இடத்துக்குள்ளே பொத்தல் விழும் என்று தெரிந்தேதான் செய்தேன். பாழாய்ப்போன ரோஷம்.

பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவரவர் நம்பரைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பது வழக்கம். நானும் என் நம்பரை அடித்தேன். பத்து ஜாயின்ட்டில் ஒன்றைத்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள், என்னுடையது தப்பித்துவிடலாம். ஆனால் அந்தக் குழாயில் ஓடப்போவது கொதிக்கும் நீராவி. பக்கத்தில் ஆள் நின்று வேலை பார்ப்பார்கள்.

மறுநாள் காலை, மேஸ்திரியிடம் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாக்கா, லூசா நீ? நம்ம பொழப்பு, வரப்போற மூணு பேரு பொழப்பு, எல்லாத்தையும் நீயே அறுத்துவுட்டுருவ போல கீதே.”

அதன்பிறகு அவள் என் பக்கமே திரும்பவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் போய்ச் சொன்னேன்.

மேஸ்திரி அந்த ஜாயின்ட்டை என் கையாலேயே வெட்டச் சொன்னார். எல்லோரும் கூடிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள். வேறு யாராவது பாக்கெட்டில் வைத்தீர்களா என்று கேட்டார். முந்தின நாள் பாக்கெட் புடைக்க ஏணி ஏறியவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னுதுகூட வெட்டணும்ணே.”

அவள்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். காலையில் என்மேல் ஏன் அப்படிப் பாய்ந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

மேஸ்திரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். கிரைண்டிங் மெஷினைக் கையில் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“திங்கக்கெழம வர்ற பொண்ணுங்களும் இப்டித்தான் வந்து சொல்லுமா?” என்றார்.

அந்த மூன்று பேரை நான் பார்த்ததுகூட இல்லை. சொல்லுவாங்க என்றேன்.